தெரிந்த வானம்: ஹம்பேர்க்கின் வடக்கே புதுப்பிக்கப்படும் ஒரு தொலைநோக்கி

ஹம்பேர்க்கின் யூ1 ரயில் நகரின் நடுவிலிருந்து வடக்கே போகும் வழியில் ஓல்ஸ்டோர்ஃபில் நிற்கும். இறங்கிச் சற்று நடந்தால் உலகின் மிகப் பெரிய சேமக்காலைகளில் ஒன்று. ஹைன்றிஹ் ஹேர்ட்ஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1857இல் இதே நகரில் பிறந்தவர். 1880களின் பிற்பகுதியில் கார்ல்ஸ்ரூவ நகரின் ஆய்வுகூடத்தில் மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவை வெளியில் பரவுவதை உலகுக்குக் காட்டியவர். 1894இல், 36 வயதிலேயே, காலமானார். ஓல்ஸ்டோர்ஃபில் இறங்காமல் அதே ரயிலில் கடைசி நிலையம் வரை போனால் நோர்டர்ஷ்டெட் வந்துவிடும். அந்த ஊரின் வயல்வெளியில், ஹேர்ட்ஸ் கண்ட அதே வகை அலைகளை விண்ணிலிருந்து வாங்குகிற அன்ரனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஹம்பேர்க்கில் வாழும் தமிழரில் பலர் தினமும் ஏறி இறங்கும் பாதை இது. அதன் ஒரு முனையில் இப்படி ஒன்று இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதன் பெயர் லோஃபார். குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் அன்ரனா அணி என்பது பெயரின் பொருள். (யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் அதிர்வெண்ணை மீடிறன் என்று படித்தோம்.) அதை உருவாக்கியது நெதர்லாந்தின் அஸ்ட்ரோன் நிறுவனம். மையம் அந்நாட்டின் வடகிழக்கில், எக்ஸ்லோ என்ற கிராமத்தருகே. 2010 ஜூனில் அரசி பேயாற்றிக்ஸ் திறந்துவைத்தார். அங்கிருந்து கிளைகள் ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, சுவீடன், போலந்து, அயர்லாந்து, லத்வியா என்று பரவின. நோர்டர்ஷ்டெட் நிலையத்தை ஹம்பேர்க், பீலஃபெல்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்து 2015இல் திறந்தன. ஜேர்மனியில் இது ஆறாவது.

தொலைநோக்கி என்றதும் மனக்கண்ணில் எழும் பெரிய வெள்ளைத் தட்டு இங்கே கிடையாது. ஒரு புறம் ஆளுயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் நான்கு செப்புக் கம்பிகள் கூடாரக் கயிறுபோலச் சரிந்து இறங்கி, தரையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அடியில் கம்பி வலை. இப்படி 96. மறுபுறம் ஐந்து மீற்றர்ச் சதுரப் பெட்டிகள், கறுப்புத் தாளால் மூடியபடி நெருக்கமாகக் கிடக்கும். அவையும் 96. ஒவ்வொன்றுக்குள்ளும் 16 சிறு அன்ரனாக்கள், ரெஜிபோம் சட்டங்களில் பொருத்தியவை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நெற்போரைப் படங்கால் மூடிவைத்ததுபோல் தோன்றும். செப்புக் கம்பிகள் 90 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே கேட்கின்றன. கறுப்புப் பெட்டிகள் 110க்கு மேலே, சுமார் 240 வரை. இடையில் விட்ட வெளி பண்பலை வானொலிக்கு உரியது. அங்கே பாட்டும் செய்தியும் இரைந்துகொண்டிருப்பதால் விண்ணைக் கேட்க வழியில்லை.

இந்த அன்ரனாக்களில் ஒன்றுகூட அசையாது. ஒரு திசையை நோக்க வேண்டுமானால் கணக்கால்தான் நோக்க வேண்டும். அலை ஒரு மீற்றர் கடக்க ஒரு செக்கனின் நூறு கோடியில் சுமார் மூன்று பங்கு எடுக்கிறது. சரிவாக வரும் அலை ஓர் அன்ரனாவை முந்தியும் அடுத்ததைப் பிந்தியும் தொடும். முந்தி வந்ததைச் சற்றுத் தாமதித்து, பிந்தி வந்ததோடு சேர்த்துக் கூட்டினால், அந்தத் திசையிலிருந்து வந்தது மட்டும் ஓங்கும். மற்றவை ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். தாமதத்தை மாற்றினால் பார்வையும் மாறிவிடும். ஒரே நேரத்தில் பல தாமதங்களைக் கணக்கிட முடிந்தால் ஒரே நேரத்தில் பல திசைகளைப் பார்க்கலாம். நிலையங்கள் தங்கள் சமிக்ஞைகளை ஒளியிழை வழியே நெதர்லாந்தின் மையக் கணினிக்கு அனுப்புகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி நிற்கும் நிலையங்கள் அங்கே ஒரே கண்ணாக இணைகின்றன. 150 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீற்றர். 1,500 கிலோமீற்றர் இடைவெளியில் இரு நிலையங்கள் இருந்தால், ஒரு பாகையை 3,600 கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் மூன்றிலொரு பங்கைப் பிரித்தறியலாம். நோர்டர்ஷ்டெட் எக்ஸ்லோவிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். நெதர்லாந்துக்குள் கிடைக்கும் நெருங்கிய இடைவெளிகளுக்கும் அயர்லாந்து, போலந்து போன்ற தொலைவுகளுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப உதவும் தூரம் அது.

லோஃபார் கண்டது கொஞ்சமல்ல. 2021 தொடக்கத்தில், 25,000 பெருங்கருந்துளைகளைக் காட்டும் வான்வரைபடம் ஒன்று வெளிவந்தது. செப்புக் கம்பி அன்ரனாக்களால் 256 மணி நேரம் அவதானித்துப் பெற்றது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பிரான்செஸ்கோ டி காஸ்பெரின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அடுத்த ஆண்டு, கறுப்புப் பெட்டிகளால் பெற்ற பெரிய வரைபடம் வட வானத்தின் 27 வீதத்தில் 44 இலட்சம் வானலை மூலங்களைக் காட்டியது. இவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவியின் வழக்கமான அவதானிப்பை 2024இன் பிற்பகுதியில் நிறுத்தினார்கள். திறந்துவைத்துப் பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது.

காரணம் கம்பிகளில் இல்லை. மழையிலும் பனியிலும் நின்ற செப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இன்னும் ஆயுள் உண்டு. மூப்படைந்தது அவற்றின் பின்னால் இருக்கிற மின்னியல்: வாங்கிகள், ஒரு செக்கனுக்கு 20 கோடி முறை அலையை அளந்து எண்ணாக்கும் சில்லுகள், அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கும் பலகைகள், எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும் கடிகாரம். 2000களின் நடுவில் வடிவமைத்த பலகைக்கு உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு கடினம் என்பது மின்னியல் திருத்தும் எவருக்கும் தெரியும். பழைய அமைப்பில் இன்னொரு குறையும் இருந்தது. நெதர்லாந்து நிலையம் ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பி அன்ரனா 96, கறுப்புப் பெட்டி 48. ஆனால் வாங்கி இணைகளோ 48 மட்டுமே. ஆகவே பெட்டிகளைக் கேட்டால் கம்பிகள் ஊமை. கம்பிகளைக் கேட்கும்போதும் பாதிதான் பேசும். நோர்டர்ஷ்டெட்போன்ற வெளிநாட்டு நிலையங்களில் வாங்கிகள் இருமடங்கு. அங்கும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். லோஃபார் 2.0 என்று பெயரிட்ட மேம்படுத்தலில் நெதர்லாந்து நிலையத்துக்கு 144 இணைகள் வருகின்றன. எல்லா அன்ரனாவும் ஒரே வேளையில் பேசும்.

ஒரே வேளையில் என்பதுதான் இந்த மேம்படுத்தலின் உயிர். அதற்கு அயன்மண்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில், சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்தெறிகிறது. அந்த மின்னேற்றப் படை ஒரு மேகம்போல அலைந்து, தடித்து, மெலிந்துகொண்டேயிருக்கும். விண்ணிலிருந்து வரும் வானலை அதைக் கடக்கையில் தடுமாறும். அதிர்வெண் குறையக் குறையத் தடுமாற்றம் கூடும். பெரிய தட்டுத் தொலைநோக்கிகள் கேட்கும் உயர் அதிர்வெண்ணில் இது பொருட்டே இல்லை. 50 மெகாஹேர்ட்ஸில் இதுவே முழுப் பிரச்சினை. ஓடும் நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பது மாதிரி. நெளிவது கல்லல்ல, நீர். நீர் எப்படி நெளிகிறது என்பது தெரிந்தால் கல்லின் உருவத்தை மீட்டுவிடலாம். அதைச் செக்கனுக்குச் செக்கன், திசைக்குத் திசை கணிக்க வேண்டும். ஆனால் நெளிவு மிகுந்த தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் சமிக்ஞையும் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கிறது. அளக்க வேண்டிய இடத்தில்தான் அளப்பது கடினம்.

கறுப்புப் பெட்டிகள் கேட்கும் உயர்ந்த பட்டையில் அதே அயன்மண்டலம் சற்றுத் தெளிவாகத் தெரியும். அதே கணத்தில், அதே திசையில் அங்கே அளந்த நெளிவை, அதிர்வெண்ணுக்கேற்ற கணக்கோடு செப்புக் கம்பிகளின் பட்டைக்குக் கொண்டுபோகலாம். கணம் தவறினால் நீர் நகர்ந்துவிடும்; ஆகவேதான் இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கடிகாரமும் இதனால்தான் மாறுகிறது. நிலையத்துக்கொரு கடிகாரம் இருந்தால், தாமதம் அயன்மண்டலத்தினுடையதா கடிகாரத்தினுடையதா என்ற சந்தேகம் எப்போதும் மிஞ்சும். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுமையத்தில் உருவான, வெள்ளை முயல் என்று பெயர்கொண்ட நேர ஒருங்கிணைப்பு முறையின்படி, நெதர்லாந்து நிலையங்கள் ஒரே கடிகாரத்தின் துடிப்பை ஒளியிழை வழியே பெறுகின்றன. சந்தேகத்தின் ஒரு கால் அங்கே வெட்டப்படுகிறது.

புதிய தொழில்நுட்பத்தைப் பரீட்சிக்க ஏன் பழைய தொலைநோக்கி? பணம் மிச்சம் என்பது வழக்கமான பதில். அது உண்மைதான். நிலம் உண்டு, மின்சாரம் உண்டு, ஒளியிழை உண்டு, அனுமதிகள் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நான் நம்புகிறேன். பழைய தொலைநோக்கி பார்த்த வானம் தெரிந்த வானம். அதன் ஒவ்வொரு மூலத்தின் பிரகாசமும் இடமும் பதிவில் உள்ளன. கருவியின் குறைகளும் அப்படியே: எந்த அன்ரனா மழைநாளில் மக்கர் பண்ணும், எந்தத் திசையில் போலி உருவம் எழும் என்பதெல்லாம் அதனோடு வாழ்ந்தவர்களுக்கு அத்துப்படி. புதுப் பலகையைப் பொருத்தியதும் படத்தில் ஏதாவது மாறினால், மாற்றம் எங்கிருந்து வந்தது என்று விரல்நீட்டிச் சொல்லலாம். வெறும் நிலத்தில் புதிதாக எழுப்பிய கருவியில் அன்ரனாவும் புதிது, பலகையும் புதிது, மென்பொருளும் புதிது. பிழை எவருடையது என்று கேட்டால் எல்லாம் ஒன்றையொன்று சுட்டும்.

இதற்கு நல்ல சாட்சி சிக்னஸ் ஏ என்ற வானலை மூலம். அதன் கதை ஹம்பேர்க்கோடும் பிணைந்தது. 1946இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் ஹேயும் கூட்டாளிகளும், சிக்னஸ் விண்மீன் தொகுதியின் திசையிலிருந்து வரும் வானலை துடித்துத் துடித்து ஏற்றஇறக்கம் கொள்வதைக் கண்டார்கள். மூலமே அப்படித் துடிக்கிறது என்று முதலில் எண்ணப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, தூரத் தூர வைத்த வாங்கிகளால் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது: துடித்தது மூலமல்ல, அயன்மண்டலம். 1951இல் கேம்பிறிட்ஜின் கிரஹாம் ஸ்மித் அதன் இடத்தைத் துல்லியமாக அளந்து கொடுத்தார். அந்த இடத்துக்குப் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பி, அது மிகத் தொலைவிலுள்ள ஓர் அண்டம் என்று கண்டவர்கள் வால்டர் பாடேயும் றுடோல்ஃப் மின்கோவ்ஸ்கியும். அவர்களின் கட்டுரை 1954இல் வந்தது.

இருவரும் ஹம்பேர்க்கிலிருந்து போனவர்கள். பாடே 1919 முதல் 1931 வரை நகரின் தென்கிழக்கே பெர்கடோர்ஃப் வானாய்வகத்தில் இருந்தார். இன்றும் பல்கலைக்கழகத்தின் வானியல் துறை இயங்குவது அங்கேதான். பேர்ன்ஹார்ட் ஷ்மிட் தன் பெயர்பெற்ற அகலக் கோணக் கமெராவை 1930இல் ஆக்கியதும் அங்கேதான். மின்கோவ்ஸ்கி ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். யூத வழி வந்தவர் என்பதால் நாசி ஆட்சியில் அவருக்கு இங்கே இடமில்லாமல் போனது. 1935இல் அமெரிக்கா போனார். போவதற்கு உதவியவர் பாடே. நாடு விட்டு நாடு வந்த நமக்கு இந்தக் கதை வெறும் அறிவியல் வரலாறாகப் படவில்லை. ஹம்பேர்க் தானே துரத்திய அறிவு, கலிபோர்னியாவின் மலையொன்றில் அமர்ந்து வானலை வானியலின் கதவைத் திறந்தது.

சிக்னஸ் ஏ சுமார் 76 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. வானத்தில் மிகப் பிரகாசமான வானலை மூலங்களில் ஒன்று. அதன் உருவம், பிரகாசம், அதிர்வெண்ணோடு பிரகாசம் மாறும் விதம் எல்லாம் எழுபது ஆண்டுகளாக அளந்து அளந்து உறுதிப்பட்டவை. வானலை வானியலாளர் கருவியைச் சரிபார்க்க வேண்டிவந்தால் தேடிப் போகும் முதல் முகங்களில் அது ஒன்று.

பழைய கருவியில் புதியதைப் பரீட்சிக்கும் இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் உண்டு. அவர்களில் எனக்கு நெருக்கமானது ஊட்டி. ஊருக்குச் சற்று வெளியே முத்தோரையில், 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட ஓர் உருளைப் பரவளையம் மலைச்சரிவில் கிடக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்தது. சரிவைத் தேடி அவர்கள் மலை மலையாக அலைந்ததற்குக் காரணம் எளிமையானது, அழகானது. ஊட்டியின் அகலாங்கு 11 பாகைக்குச் சற்று மேல். அதே அளவு வடக்குத் தெற்காகச் சரிந்த மலையில் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அதை ஒரே அச்சில் மெல்ல உருட்டினாலே போதும். ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதன் வசதியை நிலத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பணம் குறைந்த நாட்டில் சிந்தனை அதை ஈடுசெய்தது.

ஸ்வரூப்புக்கு இது புதிதுமல்ல. இந்தியாவின் முதல் வானலைத் தொலைநோக்கிகளில் ஒன்றை அவர் 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அமைத்தது, சிட்னியின் பொட்ஸ் ஹில்லில் பயன்பட்டு முடிந்த 32 சிறு தட்டுகளைக் கொண்டுதான். அவுஸ்திரேலியர் கொடுத்தது. பழையதிலிருந்து புதியதைப் பரீட்சிப்பது அவருடைய தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது.

ஊட்டியின் கம்பி வலைகளும் இரும்புச் சட்டங்களும் அப்படியே நிற்க, அவற்றின் குவியக் கோட்டில் உள்ள 1,056 அன்ரனாக்களின் பின்புலம் பல முறை மாறியது. 1990களின் தொடக்கத்தில் ஒவ்வோர் அன்ரனாவுக்கும் தனித்தனிப் பெருக்கி வைத்தார்கள். அதன் பின் வந்த முயற்சி அதைவிடத் துணிவானது. அதுவரை அன்ரனாக்கள் 22 பிரிவுகளாகத் திரண்டு, வானத்தில் ஒரு சில கதிர்களையே அமைத்தன. ஊட்டிப் பரந்தபுல அணி என்ற திட்டம், நான்கு நான்காகச் சேர்த்து 264 தனித்தனி அலகுகளாக அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றின் சமிக்ஞையையும் எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்ப நினைத்தது. புனேயின் தேசிய வானலை வானியற்பியல் மையமும் பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்த வேலை. ஒரே திசையைப் பார்த்த கண் இனி ஒரு வயலையே பார்க்கும். 326.5 மெகாஹேர்ட்ஸ் என்ற அதன் அதிர்வெண், ஐதரசன் அணுவின் 1,420 மெகாஹேர்ட்ஸ் அலை அகிலத்தின் விரிவால் நான்கு மடங்குக்கு மேல் நீண்டு வந்து சேரும் இடம். 1970இல் இருமுனை அன்ரனாவை நிறுவியவர் ஐதரசனை நினைத்து அதைச் செய்யவில்லை. பழைய உலோகத்தில் புதிய கேள்வி பொருந்தியது.

புனேக்கு வடக்கே நாராயண்கோன் அருகேயுள்ள மாபெரும் மீற்றரலைத் தொலைநோக்கியை மேம்படுத்தியவர்கள் இன்னொரு பாதை எடுத்தார்கள். 45 மீற்றர்த் தட்டுகள் முப்பதும் அவதானிப்பை நிறுத்தாமலே புதிய வாங்கிகளைப் பெற்றன. பழைய அமைப்பு பக்கத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. 32 மெகாஹேர்ட்ஸாக இருந்த பட்டையகலம் 400 ஆயிற்று. இதுவே எனக்கு உவப்பான வழி, ஏனெனில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே இரவில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லோஃபாரில் அது இயலாது. மின்னியலையே கழற்றி மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது. 2023இல் பல்சர் எனப்படும் விண்மீன்களின் துடிப்பிலிருந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஈர்ப்பலைகளின் சான்று வெளியானபோது, ஜேர்மனியின் எஃபல்ஸ்பெர்க் உட்பட ஐரோப்பியத் தொலைநோக்கிகளின் தரவோடு, புதுப்பித்த இந்தியத் தொலைநோக்கியின் தரவும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கில் பழைய 25 மீற்றர்த் தட்டுகளின் குவியத்தில் அன்ரனா அணிகளைப் பொருத்தி, ஒரே தட்டால் ஒரே நேரத்தில் 40 திசைகளைப் பார்த்தார்கள். அவுஸ்திரேலியாவின் மொலொங்ளோவில் 1960களின் உருளைத் தொலைநோக்கி அடுத்த தலைமுறை மின்னியலுக்குப் பரீட்சைக் களமாயிற்று. எல்லாமே ஒரே திசைக்குப் பயிற்சி. மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் எழும் சதுர கிலோமீற்றர் அணியின் தாழ்ந்த அதிர்வெண் பகுதிக்கு முடிவில் 131,072 அன்ரனாக்கள் இருக்கும். அவையும் அசையாதவை, கணக்கால் நோக்குபவை. 2025 மார்ச்சில் 1,024 அன்ரனாக்களைக் கொண்டு அதன் முதல் படம் வெளிவந்தது. அங்கே கேட்கப்போகும் 50 முதல் 350 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையின் தொல்லைகளை ஐரோப்பியர் பலர் அறிந்துகொண்டது லோஃபாரில்தான். அங்கே இலட்சக்கணக்கில் பெருகப்போகும் ஒரு பிழையை, நோர்டர்ஷ்டெட்டின் 96 கம்பி அன்ரனாக்களில் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

பெருநகரின் ஓரத்தில் இப்படிப்பட்ட நுண்ணிய கருவியை வைத்தது பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. நோர்டர்ஷ்டெட்டுக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் ஹம்பேர்க் விமான நிலையம். விமானிகளின் பேச்சு ஓடும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை கறுப்புப் பெட்டிகளின் பட்டைக்குள்ளேயே விழுகிறது. வானமும் இப்போது அமைதியாக இல்லை. 2023இல் லோஃபாரைக் கொண்டு செய்த அளவீடு, ஸ்டார்லிங்க் செய்மதிகளின் உள் மின்னியலிலிருந்து தற்செயலாகக் கசியும் அலைகளை 110 முதல் 188 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் பிடித்தது. அவற்றின் அடுத்த தலைமுறைச் செய்மதிகளில் கசிவு முன்னதைவிட 32 மடங்குவரை கூடியிருந்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நகரத்தின் இரைச்சலை எல்லைகட்டி வைக்கலாம். தலைக்கு மேல் சுற்றுவதற்கு எல்லை ஏது? அதனால் இந்தப் பரீட்சையில் இன்னொரு வகை அறிவும் சோதிக்கப்படுகிறது. மனிதர் எழுப்பும் இரைச்சலை இனங்கண்டு, அதை மட்டும் கழித்து, விண்ணின் குரலைத் தொடாமல் விடும் மென்பொருள் வேண்டும். அதை ஒதுக்குப்புறப் பாலைவனத்தில் இருந்து எழுதிப் பழக முடியாது. ஹம்பேர்க்போன்ற நகரின் பக்கத்தில் எழுதலாம்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. தொலைநோக்கி மௌனமான மாதங்களில் புதிய தரவு வராது. கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகளே உள்ள ஒரு மாணவருக்கு அந்த இடைவெளி பெரிது. பழைய அவதானிப்புகளின் பெருங்களஞ்சியம் (அதன் ஒரு பகுதி ஜேர்மனியின் யூலிஹ் ஆய்வுமையத்தில் உள்ளது) அவருக்குக் கைகொடுக்கும். அந்தக் களஞ்சியத்தில் பழைய கருவி பார்த்த இரவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அயன்மண்டலம் மோசமாக இருந்ததால் ஒதுக்கிவைத்த இரவுகளும் அவற்றில் அடக்கம். புதிய கணக்குமுறைகளை முதலில் ஓட்டிப் பார்க்க அந்த மோசமான இரவுகளைவிடக் கடினமான பாடம் கிடையாது. அன்று நெளிந்த நீருக்கு அடியில் கிடந்த சிக்னஸ் ஏயின் உருவம் என்னவென்று இன்று எல்லோருக்கும் தெரியும். மீட்டெடுத்த படம் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.